அண்ணனைக் கொன்றவன் பரோலில் வருகிறான், நான் மன்னிக்கலாமா?

கேள்வி:

வணக்கம். எங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். நான் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வாய்க்கால் தண்ணி முறை யாருக்கு என்று ராத்திரியில் வந்த தகராறில், என் அண்ணனை எங்கள் பெரியப்பா மகனே மம்மட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். அண்ணிதான் வாய்க்கால் மேட்டுக்குப் போய் முதலில் பார்த்தவர். அவனுக்கு ஆயுள் தண்டனை ஆகி, விய்யூர் ஜெயிலில் இருக்கிறான். அவனும் எனக்கு அண்ணன் முறைதான். சின்ன வயதில் மூன்று பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை.

இப்போது பெரியம்மா படுத்த படுக்கை. போன மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் ஊரில் இருந்தபோது ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, அவன் பரோலில் வருவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். "பெத்தவ போய்ச் சேர்றதுக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா. மலையாளத்தில் எழுதின தாளில் அம்மா கைநாட்டு வைத்தார், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணி அப்போது வேலைக்குப் போயிருந்தார். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணன் மகனுக்குப் பத்தொன்பது வயது. "ஊருக்குள்ள காலை வெக்கட்டும், பாத்துக்கறேன்" என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் சிலர், பெரியப்பா வீட்டுத் தோப்பில் முப்பது சென்ட் அண்ணி பேருக்கு எழுதிவைத்து ராசியாகிவிடலாம் என்கிறார்கள். அவனும் பெரியம்மா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "நடந்தது நடந்துபோச்சு, நாம பங்காளிக, இனி ஒண்ணா இருக்கலாம்."

எனக்கு அவன் மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? இது அண்ணனுக்குச் செய்யும் துரோகமா? அவன் வாசலுக்கு வந்து நின்றால் நான் பேசலாமா?

பதில்:

நம்புகிறேன். கடிதத்தை இரண்டாவது முறை படித்தும் அவன் மேல் கோபம் எங்கும் கண்ணில் படவில்லை. பயம்தான் தெரிகிறது, அதுவும் அண்ணியை நினைத்து. அவரிடம் சொல்லாமல் போட்ட கையெழுத்துதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் திரும்ப அங்கே வருவேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

துரோகம் இல்லை. நம் பக்கத்தில், இறந்தவருக்காக எவ்வளவு காலம் பகை காக்கிறோமோ அவ்வளவு பாசம் என்று எழுதாத கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்காமல் இருப்பது, பத்திரிகை கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அவர்கள் ஒரு நாள் போனால் நாம் வேறு நாள் போவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இதை நான் கேலி செய்யவில்லை. கொலை நடந்த வீட்டுக்கு முதல் சில வருஷங்களில் இந்த ஒதுக்கம் ஒரு பாதுகாப்பு. எதிரே வரும் ஆளிடம் என்ன பேசுவது என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை, பேசக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பகை ஓய்ந்த பிறகும் பாசம் நிற்கும். அண்ணனை நினைத்து அழுவதற்கு இன்னொருவனை வெறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ராத்திரி உங்களுக்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் சுடுகாட்டுக்குப் போனார், ஒருவன் விய்யூருக்குப் போனான். ஒரே சைக்கிளில் போன மூன்று பேரில் மிச்சம் நீங்கள் மட்டும்தான். இரண்டாவது ஆளுக்காக நீங்கள் அழுவதற்கு இத்தனை வருஷமாக யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். பங்காளிக்குள் கொலை நடந்த வீடுகளில், கட்டிக்கொடுத்த பெண்களிடம் இந்த இரட்டை இழப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் "நீ யார் பக்கம்?" என்று கேட்பார்கள்.

அண்ணிக்கு அந்தச் சைக்கிள் கிடையாது. கல்யாணமாகி வந்தபோது அவன் பக்கத்து வீட்டுக் கொழுந்தன், அப்புறம் கணவனைக் கொன்றவன். நடுவில் அவருக்கு எதுவும் இல்லை. அதனால் நீங்கள் வந்து நிற்கிற இடத்துக்கு அவரும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

அமெரிக்காவில் எவரெட் வொர்திங்டன் என்று ஓர் உளவியல் பேராசிரியர். மன்னிப்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்துவந்தவர். 1996 புத்தாண்டு சமயத்தில், வீட்டுக்குள் திருட நுழைந்தவன் அவருடைய வயதான தாயை அடித்துக் கொன்றுவிட்டான். படித்ததெல்லாம் பறந்துபோய், கொன்றவன் கையில் கிடைத்தால் அடித்தே கொன்றுவிடுவேன் என்றுதான் முதலில் அவருக்கும் தோன்றியது. பிறகு அவர் மன்னித்தார். ஆனால் தாயின் உடலை முதலில் பார்த்த அவருடைய சகோதரர் அந்தக் காட்சியிலிருந்து மீளவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சாவு. உங்கள் வீட்டில் வாய்க்கால் மேட்டுக்குப் போய் முதலில் பார்த்தவர் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பேராசிரியர் சொல்கிற ஒரு பிரிவினை உங்களுக்கு உதவும். பழிவாங்க மாட்டேன், அவனுக்குக் கெடுதல் நினைக்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று. உள்ளே இருக்கிற கசப்பு உண்மையிலேயே கரைந்துபோவது இன்னொன்று. முதலாவதை ஒரு மத்தியானத்தில் எடுத்துவிடலாம். இரண்டாவது தன் பாட்டுக்கு வரும், போகும், சில சமயம் வராமலேயும் இருக்கும். உங்களுக்கு இரண்டும் வந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், வாய்க்காலில் தண்ணி விடுகிற மாதத்தில், அண்ணன் திதி நாளில், மம்மட்டி உரசுகிற சத்தம் கேட்கிறபோது பழைய வெறுப்பு எட்டிப் பார்க்கும். அப்போது "நான் மன்னித்தது பொய்யா?" என்று குழம்ப வேண்டாம். எடுத்த முடிவு அப்படியேதான் இருக்கிறது, உடம்புக்கு மட்டும் இன்னும் ஞாபகம் போகவில்லை.

இனி கையெழுத்து விஷயம்.

முதலில் ஒரு பாரத்தைக் குறைத்துவிடுகிறேன். உங்கள் கையெழுத்து மட்டும் அவனை வெளியே கொண்டுவந்துவிடாது. போலீஸ் அறிக்கை, புரொபேஷன் ஆபீசர் அறிக்கை, ஜெயிலில் அவன் நடத்தை எல்லாவற்றையும் வைத்துத்தான் பரோலை முடிவு செய்வார்கள். அவன் வந்தால் ஊரில் கலவரம் வருமா, இறந்தவர் வீட்டுக்கு ஆபத்து உண்டா, வருகிறவனுக்கே ஆபத்து உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் வருகிறார்கள். நீங்களும் அம்மாவும் சொன்னது அதில் ஒரு பங்கு.

ஆனால் அந்தப் பங்கைச் சொல்லும் உரிமை அண்ணிக்கும் இருந்தது, உங்கள் இருவரையும்விடச் சற்று அதிகமாகவே. வேலை முடிந்து அவர் வரும் வரை அந்தத் தாளை நிறுத்தி வைத்திருக்கலாம். சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் வந்தவர் மறுத்திருக்க மாட்டார். கண்டிக்க இதைச் சொல்லவில்லை, அம்மா கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் இருக்கும் மகள் மறுத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் அவன் ஊரில் வந்து இறங்குவதற்கு முன்னால் அண்ணிக்கு இது உங்கள் வாயால் தெரிய வேண்டும். டீக்கடை வழியாகவோ பெரியம்மா வீட்டு ஆட்கள் வழியாகவோ தெரிந்தால், கணவனை இழந்தது போதாதென்று கணவன் வீட்டையும் இழந்துவிட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

போனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். பையன் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கட்டும். சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்: "அண்ணி, அவன் பரோலுக்கு ஆட்சேபணை இல்லைன்னு அம்மா கைநாட்டு வெச்சாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். உங்களைக் கேக்காம போட்டது தப்பு. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா அதை எழுதிக் கொடுக்க நானே கூட வர்றேன்." இதோடு நிறுத்திவிடுங்கள். "அம்மாவுக்காக", "சாகக் கிடக்கிற பெரியம்மாவுக்காக", "எத்தனை நாளைக்குத்தான் இப்படியே" என்று எதையும் ஒட்டவைக்காதீர்கள். அவர் கத்தலாம், "உங்க ரத்தம்னா உங்களுக்குப் பெருசு" என்று சொல்லலாம், எழுந்து உள்ளே போய்விடலாம். போகட்டும். பதில் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று உடனே கிளம்பிவிடாதீர்கள்.

கூட வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும். அவருக்கு ஆட்சேபணை இருந்தால், அதைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்கிறது. எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கே இது தெரியாது. மலையாளத் தாள் வந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்க வெட்கப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இனிமேல் எந்தத் தாள் வந்தாலும் முழுக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், ஒரு நகலும் கேளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இந்தக் கேள்வி ஒரு தடவையோடு முடியப்போவதும் இல்லை. கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவரைப் பொதுவாக 14 ஆண்டு உள்ளே இருக்காமல் விடுவிக்க முடியாது என்பது சட்டம். உங்கள் கணக்குப்படி அந்த இடம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து முன்விடுதலை என்று வரும்போது யாராவது ஒருவர் மறுபடி வாசலில் வந்து நிற்கலாம். அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் என்ன சொல்வது என்பதை இப்போதே அண்ணியோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு பதில் சொல்வதிலும் தப்பில்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொல்வதுதான் வீட்டை உடைக்கும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கேரளத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சொல்லும் உதாரணம் கன்னியாஸ்திரி ராணி மரியா. பெரும்பாவூர்ப் பக்கம் புல்லுவழி ஊர்க்காரர். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக வேலை செய்தவரை 1995 பிப்ரவரியில் ஓடும் பஸ்ஸில் குத்திக் கொன்றார்கள். குத்தியவர் சமந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். அவர் 2002-இல் ஜெயிலுக்கே போய் சமந்தர் சிங் கையில் ராக்கி கட்டினார். 2006-இல் விடுதலையானவர் மறுவருஷம் புல்லுவழி வீட்டுக்கே வந்தார். மகளைக் குத்திய அந்தக் கைகளை வயதான தாய் பிடித்து முத்தமிட்டார்.

இதைக் கேட்கிறவர்கள் முத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் வருஷங்களைப் பார்க்கச் சொல்கிறேன். குத்து விழுந்ததற்கும் ராக்கிக்கும் நடுவில் ஏழு வருஷம், அவர் அந்த வீட்டுக்கு வரப் பன்னிரண்டு வருஷம். நடுவில் ஒரு சாமியார் ஜெயிலுக்குப் போய் வந்து இரண்டு பக்கமும் பேசினார். சமந்தர் சிங் தான் செய்ததை எண்ணி வருந்தினார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். தாய் ஒருபக்கமும் தங்கை ஒருபக்கமும் இழுக்கவில்லை. இதெல்லாம் இருந்த பிறகுதான் அவர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். உங்கள் வீட்டில் இதில் எத்தனை இருக்கிறது?

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அவர் மகள் பிரியங்கா 2008 மார்ச்சில் வேலூர் ஜெயிலுக்குப் போய் நளினியைப் பார்த்தார். அதே குண்டில் போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று இன்னும் பலர் செத்தார்கள். அந்தக் குடும்பங்களில் சிலர், குற்றவாளிகளை விடுதலை செய்யக் கூடாது என்று கோர்ட்டுக்கே போனார்கள். அரசியலை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு மகள் போய்ப் பார்த்தது அவர் உரிமை. இன்னொரு வீட்டார் மறுத்தது அவர்கள் உரிமை. ஒருவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக மற்றவர் கணக்கு தீர்ந்துவிடாது. அண்ணன் சாவில் உங்களுக்கு விழுந்த அடியை நீங்கள் மன்னிக்கலாம், அம்மா தன் மகனுக்காக மன்னிக்கலாம். அண்ணிக்கும் அந்தப் பையனுக்கும் விழுந்த அடியை மன்னிக்க உங்கள் இருவருக்குமே அதிகாரம் இல்லை.

அவன் சொல்லி அனுப்பியதற்கு வருகிறேன். "நடந்தது நடந்துபோச்சு, நாம பங்காளிக, இனி ஒண்ணா இருக்கலாம்." இதில் அடித்தவன் எங்கே? மழை பெய்தது, மரம் விழுந்தது என்பதுபோல அது பாட்டுக்கு நடந்துபோயிருக்கிறது. பதினோரு வருஷம் உள்ளே இருந்த ஒருவன் சொல்லி அனுப்பும் முதல் பேச்சில் உங்கள் அண்ணன் பேர்கூட இல்லை. ஒருவேளை அவன் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம், பெரியம்மா சுருக்கியிருக்கலாம், தாய்மார்கள் அப்படிச் சுருக்குவதுண்டு. இருந்தாலும் இப்போது உங்கள் கையில் இருப்பது இது மட்டும்தான். நீங்கள் மன்னிப்பதற்கு அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறுபடி சேர்ந்து இருப்பதற்கு அவன் நிறையச் சொல்லியாக வேண்டும். "நான்தான் அடிச்சேன், அவன் மேல தப்பு இல்லை, தண்ணிக்காக அவனைக் கொன்னேன்" என்ற அளவுக்காவது வர வேண்டும். கோபத்தில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்று தொடங்கினால், அவன் இன்னும் கோர்ட்டில்தான் நின்றுகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

(தண்ணி என்று எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும். 1970-இல் எழுதினது. அதற்கே இரண்டு அரசாங்கமும் அடிக்கடி மல்லுக்கு நின்று, கடிதம் எழுதி, கூட்டம் போட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கின்றன. அவர்களுக்குப் பேச ஒரு மேஜை இருக்கிறது. கடைமடையில் ராத்திரி டார்ச் லைட்டோடு மடை திருப்பப் போகிறவனுக்கு எதிரே நிற்பது அவன் பங்காளி மட்டும்தான்.)

முப்பது சென்ட் விஷயத்தில் என் பேச்சு கறாராக இருக்கும். கொலை, ஊரில் உட்கார்ந்து ராசி பேசி முடிக்கிற குற்றம் இல்லை. எந்தெந்தக் குற்றங்களைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 359-ஆம் பிரிவு. இரண்டிலும் கொலை கிடையாது. ஆகவே பெரியவர்கள் தருவது சட்டப்படி ஒன்றையும் முடிக்காது. அவர்களுக்கு வேண்டியது ஊருக்குள் ஓர் அமைதி. அது கெட்ட ஆசை இல்லை, ஆனால் அதற்கான விலையை அண்ணி கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

பதினோரு வருஷம் தனியாக ஒரு பையனை வளர்த்தவருக்கு நிலம் தேவையாக இருக்கலாம். தருவதை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். வாங்கட்டும். ஆனால் நிலம் தனி, ராசி தனி என்று வையுங்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல், முறையாக ஆதாரம் (கிரயப் பத்திரம் போல நிலப் பத்திரம்) எழுதி, பத்திர ஆபீஸில் பதிந்து, அண்ணி பேரில் போக்குவரவு (பட்டா மாற்றம்) செய்து வரி ரசீது வாங்கிக்கொடுக்கட்டும். "நிலம் வாங்கிட்டியே, இனி அவன் வந்தா முகத்தைத் திருப்பாதே" என்று ஒரு வார்த்தை வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்குப் பக்கபலமாக நில்லுங்கள். அந்தச் சபையில் அண்ணி பேச மாட்டார், பேச விட மாட்டார்கள். நீங்கள் பேசுங்கள். கட்டிக்கொடுத்த பெண் ஏன் பேசுகிறாள் என்று கேட்டால், செத்தது என் அண்ணன் என்று சொல்லுங்கள்.

பையனை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. எட்டு வயதில் அப்பாவை இழந்தவன். அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்ததில் பாதி, அவர் எப்படிச் செத்தார் என்பதாகத்தான் இருந்திருக்கும். அவன் வயதுப் பையன்கள் கூடும் இடத்தில் "உங்கப்பனைக் கொன்னவன் வர்றானாமா, சும்மாவா இருக்கப் போறே?" என்று சீண்டுவதற்கு ஆள் இல்லாமல் போகாது. அவனிடம் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பழிவாங்காதே என்ற உபதேசமும் வேண்டாம். அத்தை என்ற முறையில் உங்களால் மட்டும் முடிகிற ஒன்று இருக்கிறது: அவன் அப்பா உயிரோடு இருந்த கதைகளைச் சொல்லுங்கள். என்ன படித்தார், எங்கே அடி வாங்கினார், எந்தச் சினிமாவுக்குத் திருட்டுத்தனமாகப் போனார். அந்தச் சைக்கிள் கதையையும், அதில் இருந்த மூன்றாவது ஆளை மறைக்காமல், ஒரு நாள் சொல்லலாம். இப்போது வேண்டாம்.

பரோல் நாட்களில் நடைமுறையாகச் செய்ய வேண்டியது இது. எந்தத் தேதியில் வருகிறான், எத்தனை நாள் என்பதை ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பையன் அப்படிப் பேசியதையும் மறைக்காமல், எச்சரிக்கையாக இருக்கும்படி அங்கே சொல்லிவையுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள், அவன் விய்யூருக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி. முடிந்தால் அந்த நாட்களில் அவனைப் பொள்ளாச்சிக்கு உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது வேலை சாக்குச் சொல்லி. தூங்காமல் இருக்கிறான், குடிக்கிறான், கையில் ஆயுதம் வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அண்ணிக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். பதினோரு வருஷம் கழித்தும் அந்த வாய்க்கால் மேடு கனவில் வருகிறதென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. காலம் போனால் சரியாகிவிடும் என்று விடக்கூடியது இல்லை.

பெரியம்மாவைப் பார்க்கப் போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் யாரையும் கொல்லவில்லை. அவன் வருவதற்கு முன்னாலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அண்ணியிடம் சொல்லிவிட்டு. அனுமதி கேட்க வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும்.

அவர் காலமாகிவிட்டால் எழவுக்குப் போவதா, பங்காளி என்று தீட்டுக் காப்பதா என்ற பேச்சு வரும். நீங்களும் அம்மாவும் போங்கள். அண்ணியும் பையனும் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள். குலதெய்வம் கோயில் நாள் இப்போதைக்குத் தனித்தனியாகவே இருக்கட்டும், சாமிக்கு இரண்டு நாளும் ஒன்றுதான்.

கடைசியாக, அவன் வாசலுக்கு வந்து நின்றால்? அது அண்ணி வாசல். அங்கே வரக் கூடாது என்று பெரியம்மா மூலமாக முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். நீங்கள் பேச விரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம், பெரியம்மா கட்டில் பக்கத்தில், பகல் வேளையில் பேசுங்கள். அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் முழுதாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அழ வந்தால் அழுங்கள். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லத் தோன்றினால் சொல்லலாம், "நான் மட்டும்" என்பதையும் சேர்த்து. அண்ணியைப் பற்றியோ பையனைப் பற்றியோ அவன் கேட்டால் எதுவும் சொல்லாதீர்கள். அன்றைக்குத் தண்ணி முறை யாருடையது என்று அவன் விளக்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.